எக்ஸ்ரே நார்மல், ஆனால் கால் அசையவில்லை: என் மகளோடு கற்றுக்கொண்டவை

எலும்பு உடையாமலே தண்டுவடத்தில் காயம் வருமா என்று இந்தப் பெற்றோர் குழுவில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். வரும். என் மகளுக்கு அப்படித்தான் வந்தது. கார் விபத்து, அப்போது அவளுக்கு நாலு வயது. முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, குழந்தை பயத்தில் காலை அசைக்காமல் இருக்கிறது என்றார்கள். எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளின் முதுகெலும்புத் தொடர் நன்றாக இழுபட்டு மறுபடி பழைய நிலைக்கே வந்துவிடும், உள்ளே இருக்கும் தண்டுவடத்துக்கு அந்த அளவு இழுவையைத் தாங்க முடியாது. 1982-லேயே மருத்துவர்கள் இதற்கு 'ஸ்கைவோரா' (எக்ஸ்ரேயில் கோளாறு தெரியாத தண்டுவடக் காயம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் கை கால் மரத்துப்போனது, பலமில்லை என்று பிள்ளை சொன்னால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் எம்ஆர்ஐ வேண்டும் என்று விடாமல் கேளுங்கள்.

இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் வேறு. பெரியவர்களுக்கு வைத்திருக்கும் சிகிச்சையை அளவு குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதாது, ஏனென்றால் பிள்ளை வளர்கிறது. வளர்ச்சி முடியும் முன்பே அடிபட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதுகு பக்கவாட்டில் வளைகிறது, பலருக்கு அறுவை சிகிச்சை வரை போகிறது. சின்ன வயதில் அடிபட்டவர்களுக்கு இடுப்பு மூட்டும் விலகலாம். முதல் வருடம் யாரும் எங்களிடம் இதைச் சொல்லவே இல்லை. கை பலத்தை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொடுங்கள், அவ்வளவுதான் என்றார்கள்.

அப்புறம் வந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் கையை மட்டும் நம்பாமல் உடம்பின் நடுப்பகுதிக்கும், அதாவது வயிறு முதுகுத் தசைகளுக்கும், பயிற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஆண்ட்ரியா பெர்மன் என்பவரின் குழு 2008-இல் வெளியிட்ட ஒரு சிறுவனின் கதையை எங்களிடம் சொன்னார். கழுத்துப் பகுதியில் காயம், அடிபட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியும் நடக்காத பிள்ளை, டிரெட்மில்லின் மேல் உடல் எடையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்த பயிற்சியில் வாக்கர் பிடித்து அடியெடுத்து வைத்தான். அவனுடையது முழுமையாக அறுபடாத காயம், எல்லாப் பிள்ளைக்கும் அது நடக்காது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். என் மகள் நடக்கவில்லை. ஆனால் இப்போது கையை ஊன்றாமல் உட்காருகிறாள், இரண்டு கையும் அவளுக்குக் கிடைத்துவிட்டது, உட்கார்ந்தபடியே தலை பின்னிக்கொள்கிறாள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து சிறுநீர் விஷயம், இந்தக் காயத்தில் பெரும்பாலும் அது தானாகச் சரியாக வெளியேறாது. சுத்தமான கத்தீட்டரை, அதாவது சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயை, சில மணி நேரத்துக்கு ஒரு முறை போட்டு எடுக்கும் முறை 1970-களிலிருந்தே இருக்கிறது, சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே அதுதான். ஆரம்பப் பள்ளி வயதிலேயே பல பிள்ளைகள் தாங்களே போடப் பழகிவிடுவார்கள், என் மகளும் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) இல்லாததாக வாங்குங்கள், அடிக்கடி பட்டால் அலர்ஜி வரும். இன்னொன்று, மார்பின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் என்றால், திடீர்த் தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை இதெல்லாம் இரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். பிள்ளைகளின் சாதாரண அழுத்தமே குறைவு என்பதால், பெரியவர்களுக்கு நார்மலான எண் இவர்களுக்கு ஆபத்தாக இருக்கலாம். பள்ளிக்கு இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

ஆராய்ச்சி பற்றி எனக்கு ஆதங்கம் நிறைய உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் பெரியவர்களை வைத்தே நடக்கின்றன. குண்டூசியால் தொட்டு உணர்வைச் சோதிக்கும் வழக்கமான பரிசோதனைகூட ஆறு வயதுக்குக் கீழே நம்பகமாக வருவதில்லை, பாவம் அந்த வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? அடிபடும் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு, ஒரே ஆஸ்பத்திரியில் ஆய்வுக்குப் போதுமான அளவு சேரவே மாட்டார்கள். பல இடத்துத் தகவலையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் எந்த வயதில் எந்தப் பயிற்சி முதுகு வளைவைத் தள்ளிப்போடுகிறது என்பது தெரியவரும். அதனால் அப்படித் தகவல் சேர்க்கும் பதிவேட்டில் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது நாங்கள் சம்மதித்தோம், மகளிடமும் கேட்டுத்தான். பணம் கட்டினால் ஸ்டெம்செல் ஊசி போடுகிறோம் என்று வருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

முதுகு வளைவுக்கு பிரேஸ் (உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் கவசம்) போட்டுப் பழக்கியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், அவள் அதைப் போட்டதும் கத்தீட்டர் போடக் குனிய முடியாமல் தவிக்கிறாள்.