கோத்தகிரி வீட்டில் ஓதம்: குளிரில் ஓடும் டீஹியூமிடிஃபையர் (காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரியில் வாடகை வீடு. படுக்கையறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டி இருக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததிலிருந்து அந்தச் சுவர் காயவே இல்லை. இடுப்பு உயரம் வரை கருப்புப் பூஞ்சை, பீரோத் துணியெல்லாம் முக்கல் வாடை. தென்மேற்கு மழையின் பெரும்பகுதியைத் தொட்டபெட்டா மலை மறித்துவிடுவதால், அதற்கு மேற்கே இருக்கும் கூடலூர்க்காரர்கள் ஜூலையில் படும் பாட்டை நாங்கள் நவம்பரில் படுகிறோம்.

அப்பாவுக்கு இரவில் இளைப்பு. டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். பகலில் லாங்வுட் சோலைப் பக்கம் நன்றாக நடந்துவிட்டு வருகிறார், அங்கே மூச்சு வாங்குவதில்லை. இந்த ஊரை விட்டு இறங்க அவருக்கு மனசே இல்லை, எனக்கும்தான்.

பிளீச்சிங் பவுடரால் கழுவி, பூஞ்சைத் தடுப்பு பெயின்ட் அடித்தோம். உப்பி உரிந்துவிட்டது. ஹீட்டர் போட்டால் ஜன்னல் கண்ணாடி வியர்க்கிறது, சுவர் அப்படியே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மதியத்துக்கு மேல் மூடுபனி உள்ளே வந்துவிடுகிறது. பின்னால் வடிகால் வெட்ட வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை.

அப்புறம் கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையர், 12 லிட்டர், இரவல் வாங்கிப் பார்த்தோம். இது ஃபிரிட்ஜ் போலக் குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரத்தைத் தண்ணீராகப் பிடிப்பது. பகலில் தண்ணீர் பிடிக்கிறது. இரவு 12 டிகிரிக்குக் கீழே போனால் காயிலில் பனி கட்டி, பிடிப்பது நின்றுவிடுகிறது. ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. அறை 10க்கு 12 அடி.

டெசிகன்ட் வகை மெஷினை (குளிர்ந்த காயில் இல்லாமல், ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்வது) நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இரவிலும் ஈரப்பதம் 60க்குக் கீழே நின்றதா?