ஈர்ப்பு முடுக்க வரைபடம்: 400 கி.மீ. உயரத்தில் 2491 வருது, எங்கே தப்பு?

கேள்வி:
பூமியின் மையத்திலிருந்து புவிநிலைச் சுற்றுப்பாதை வரைக்கும் ஈர்ப்பு முடுக்கம் எப்படி மாறுதுன்னு எக்செல்ல வரைபடம் போடுறேன். ஈர்ப்பு மாறிலி × பூமியின் நிறை = 3.986 × 10¹⁴. அதைத் தூரத்தின் வர்க்கத்தால வகுக்கிறேன். 400 கி.மீ.க்கு 2491 மீ/வி² வருது! ஆனா புவிநிலைச் சுற்றுப்பாதையின் உயரமான 35,786 கி.மீ.க்கு 0.31, அது நம்புற மாதிரி இருக்கு. கிலோமீட்டரை மீட்டரா மாத்திட்டேன்.

பதில் 1:
அலகில் தப்பு இல்லை. நீங்க வகுத்தது தரையிலிருந்து உள்ள உயரத்தால. மையத்திலிருந்து உள்ள தூரத்தால வகுக்கணும். எல்லா உயரத்தோடயும் பூமியின் ஆரமான 6371 கி.மீ.யைக் கூட்டுங்க. 6771 கி.மீ.க்கு 8.69 வரும்.

அந்த 0.31-உம் தப்புதான், சரியான விடை 0.224. தரைக்குப் பக்கத்துல இந்தப் பிழை பல்லிளிக்கும், தூரம் போகப் போகச் சரியான விடை மாதிரியே உட்கார்ந்துக்கும். அதனால முதல் சோதனையா உயரம் 0 போடுங்க, 9.82 வரணும். 9.81 வரலையேன்னு அலையாதீங்க. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83, சுழற்சியும் இடுப்புப் புடைப்பும் உங்க உருண்டைச் சூத்திரத்துக்குத் தெரியாது.

அலகுத் தொல்லையே வேண்டாம்னா 9.82 × (6371 ÷ ஆரம்)². ஆரம் கிலோமீட்டரிலேயே இருக்கலாம்.

கேட்டவர்:
மேலே சரியாயிடுச்சு, நன்றி. தரைக்குக் கீழே போனா ஏறிக்கிட்டே போகுது. 10 கி.மீ. ஆரத்தில் 39,86,000! மையத்தில் பூச்சியத்தால் வகுத்த பிழை.

பதில் 2:
மொத்த நிறையும் மையத்தில் ஒரு புள்ளியாக இருப்பதுபோல் கணக்கிடுகிறீர்கள். தரைக்கு மேலே அது செல்லும், உள்ளே செல்லாது. நீங்கள் நிற்கும் ஆரத்துக்கு வெளியே உள்ள கோள ஓடுகளின் இழுப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடும் (நியூட்டன் நிறுவியது). உள்ளே அடங்கிய நிறையை மட்டும் எடுங்கள்.

அடர்த்தி எங்கும் ஒன்றே என்றால் 9.82 × ஆரம் ÷ 6371, நேர்கோடு. ஆனால் பூமிக்கு இது பொருந்தாது: கருவத்தின் (பூமியின் நடுவில் உள்ள அடர்ந்த பகுதி) விளிம்பான 3480 கி.மீ.யில் 5.36 காட்டும், உண்மையில் சுமார் 10.7. பருமனில் ஆறில் ஒரு பங்கே உள்ள கருவத்தில் நிறையின் மூன்றில் ஒரு பங்கு அடைந்து கிடக்கிறது.

இரண்டு அடுக்காவது வையுங்கள்: 3480 வரை 11,000 கி.கி./மீ³, அதற்கு மேல் உள்ள கவசத்துக்கு (கருவத்தைச் சுற்றிய பாறை அடுக்கு) 4450. பூமியை மெல்லிய ஓடுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஓட்டின் நிறையும் (4/3)π × அடர்த்தி × (வெளி ஆரம்³ − உள் ஆரம்³). மையத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, அந்தந்த வெளி ஆரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். மைய வரிசையில் 0 என்று கையால் போட்டுவிடுங்கள்.

பதில் 1:
4π × ஆரம்² × தடிமன்னு சுருக்கிடாதீங்க. 100 கி.மீ. ஓடுகளுக்கு வெளி ஆரத்தை வச்சுப் பெருக்கினா மொத்த நிறை 2.7 சதவீதம் கூடி, தரையில் 10.1 வரும். 3480 ஒரு ஓட்டோட விளிம்பில் விழணும், நடுவுல விழுந்தா அடர்த்தி கலந்துடும்.

கேட்டவர்:
தரையில் 9.83, கருவ எல்லையில் 10.70. ஆனா நடுவுல 4990 கி.மீ. பக்கத்தில் 9.31-க்கு இறங்கித் திரும்ப ஏறுது. இதுவும் பிழையா?

பதில் 2:
இல்லை. நிற்கும் இடத்து அடர்த்தி, கீழே அடங்கியதன் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருந்தால், கீழே இறங்க இறங்க ஈர்ப்பு கூடும். அதிகமாக இருந்தால் குறையும். 4990-இல் உள்ளடங்கிய சராசரி சுமார் 6675, அதில் மூன்றில் இரண்டு 4450. உங்கள் கவசத்தின் அடர்த்தியேதான், அதனால் வளைவு அங்கே திரும்புகிறது.

உண்மையான கவசம் மேலே சுமார் 3400, அடியில் சுமார் 5500. ஆகவே இவ்வளவு பெரிய பள்ளம் விழாது. கவசத்தின் பெரும்பகுதியில் ஈர்ப்பு 10-ஐ ஒட்டியே ஓடும். கவசத்தை நாலைந்து அடுக்காகப் பிரித்துப் போடுங்கள், பள்ளம் தூர்ந்துவிடும்.