பாசார் மாலாமுக்குப் பிள்ளைகளோடு

தருமபுரியிலிருந்து கேள்வி:
பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் போகிறோம். பிள்ளைகளுக்கு 9 வயது, 4 வயது. இராத்திரிச் சந்தை (அங்கே 'பாசார் மாலாம்') பார்த்தே ஆகணும்னு பெரியவள் அடம். சைவம். எந்தச் சந்தை, எத்தனை மணிக்கு, தள்ளுவண்டி எடுத்துப் போகலாமா?

ஓசூரிலிருந்து பதில்:
முதலில் கிழமை பாருங்க. நம்ம போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஞாயிறு, குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வெள்ளி என்கிற மாதிரி அங்கேயும் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு நாள். சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியாவை ஒட்டிய துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்து. புதன்கிழமை செராஸ் பக்கம் தாமான் கோனாட். ரெண்டாவது சுமார் 2 கிலோமீட்டர் நீளம். 4 வயதுக்கு ஆகாது. பாதியில் அழுதால் வந்த கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் திரும்பணும். போதாததுக்குப் புளிக்க வைத்த தோஃபு (சோயாப் பன்னீர்) பொரிக்கிற நாற்றம். சனிக்கிழமைச் சந்துக்கே போங்க. மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துடலாம், சுற்றிலும் தமிழ் பேசுறவங்க கடைகள். அன்றைக்குச் சந்தை உண்டான்னு விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ரயில் டோக்கன் நீல நிற பிளாஸ்டிக் வில்லை. வெளியே வரும்போது அதை வாயிலில் போடணும். பிள்ளை கையில் கொடுத்தால் தொலைந்தது.

நேரம்தான் பலரும் தப்புப் பண்ணும் இடம். மலேசியா நமக்கு 2½ மணி நேரம் முன்னால். அங்கே இரவு 9 என்றால் பிள்ளையின் வயிற்றுக்கும் கண்ணுக்கும் நம்ம ஊர் மாலை 6.30. அதனால் சந்தையை முதல் ரெண்டு நாளுக்குள் வைங்க, தூக்கம் குறுக்கே வராது. கடைசி நாளுக்குத் தள்ளினால் உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகி 8 மணிக்கே தோளில் சாய்ந்துடும். 5.30க்கு உள்ளே போய் 7.15க்கு வெளியே வாங்க. இருட்டுகிற நேரத்தில்தான் கூட்டம் இறுகும்.

பாலக்கோடு:
தள்ளுவண்டி வேண்டாம். ஓசூர் அண்ணா சொன்ன நேரத்துக்குப் போனால் உள்ளே நுழைந்துடும், திரும்பி வராது. தரையில் ஜெனரேட்டர் ஒயர், சாக்கடை மூடி இடுக்கு, நடுவில் புகும் மோட்டார் சைக்கிள். முன் சக்கரம் சிக்கினால் பின்னால் வருகிற கூட்டம் உங்கள் மேல்தான் நிற்கும். சின்னவனை மார்போடு கட்டும் பையில் தூக்குங்க. முதுகில் வேண்டாம், பின்னால் என்ன உரசுதுன்னு தெரியாது.

பெரியவர் கண்ணுக்கு எட்டாத இன்னொன்று: சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடும் கரி அடுப்பு நம் இடுப்புயரம், அதாவது 4 வயதுப் பிள்ளையின் முக உயரம். எண்ணெய்ச் சட்டியும் அப்படித்தான். சின்னவனை இறக்கி நடக்க விட்டால் கடை வரிசையை ஒட்டி நீங்க நடங்க, பிள்ளை நடுப்பாதைப் பக்கம். சாத்தே குச்சி ஊசி மாதிரி. சாப்பிட்டு முடித்தவர்கள் கையைத் தொங்கவிட்டு நடப்பார்கள், குச்சி முனை பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும். வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் கையிலேயே இருக்கணும், புகை கடுமை.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. சாயங்கால மழை அங்கே சகஜம். குடைக்குப் பதில் ஆளுக்கொரு மெல்லிய மழைக்கோட்டு. கடைத் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கடைக்காரர் கம்பால் குத்தி விடுவார், கீழே நிற்கிறவர் தலையில் ஒரு குடம் இறங்கும்.

காவேரிப்பட்டணம்:
சைவத்துக்கு என் பட்டியல் குட்டியானது. 'புத்து பம்பு' நம்ம மூங்கில் புட்டுதான்: அரிசி மாவு, தேங்காய்ப்பூ, பனை வெல்லம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உள்ளே வெல்லம் உருகிக் கொதிநிலையில் இருக்கும், உடைத்து 5 நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்க. 'செண்டோல்' தேங்காய்ப்பால், பனை வெல்லம், பச்சை சேமியா மாதிரி ஒன்று, மேலே நொறுக்கிய ஐஸ். வயிறு லேசான பிள்ளைக்கு முதல் நாளே வேண்டாம். கரும்புச் சாறு ஐஸ் இல்லாமல் கேளுங்க: 'தாக் மாவு ஆயிஸ்'.

'அப்பம் பாலிக்' பேரில் நம்ம அப்பம் இருக்கு (கடையைக்கூட 'கெடாய்' என்கிறார்கள், எல்லாம் நம்ம கப்பலில் போனதுதான்), ஆனால் மாவில் முட்டை உண்டு, உள்ளே பொடித்த வேர்க்கடலை. கடலை அலர்ஜி என்றால் அந்தக் கடையின் கரண்டி பட்ட எதுவும் கூடாது. சாத்தே குழம்பும் கடலைதான்.

'சாயூர்' (காய்கறி) என்று எழுதியிருந்தால் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வதக்கலில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது இருக்கும், மணத்திலேயே தெரியும். மனப்பாடம் பண்ண வேண்டியவை: தெலோர் முட்டை, ஊடாங் இறால், ஈக்கான் மீன், ஆயாம் கோழி, காச்சாங் கடலை. மேலே சொன்ன நேரக் கணக்குப்படி 6 மணிக்குப் பிள்ளைக்குப் பசி இருக்காது, நமக்கு அது 3.30. சந்தையில் நொறுக்குத்தீனி மட்டும். விடுதியில் தயிர் சாதம் மாதிரி ஏதாவது 10 மணிக்குத் தயாராக இருக்கட்டும்.

பென்னாகரம்:
ரொக்கம். கடையில் தொங்கும் க்யூஆர் அட்டையைப் பார்த்து நம்ம கூகுள் பே-யை நம்பி நிற்காதீங்க. அங்கத்தித் தமிழர்கள் அந்த நாட்டுப் பணமான ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். 1, 5, 10 வெள்ளித் தாள்களாக மாற்றி முன்பாக்கெட்டில். சாப்பாட்டுக்குப் பேரம் கிடையாது. துணி, பொம்மைக்கு உண்டு.

பொம்மையில் ஒரே ஒரு விதி: மினுக்கும் எதையும் வாங்கும் முன் திருப்பிப் பாருங்க. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டிருந்தால் சரி, நகத்தால் திறந்தால் வைத்துவிடுங்க. பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். அழுது புரண்டாலும் மசியாதீங்க.

தொலைவதற்கு ஏற்பாடு: நுழையும் முன் அன்றைய உடையோடு ஒரு முழு உருவப் படம். பேனாவில் கையில் எழுதிய போன் எண் வியர்வையில் கரையும். தாளில் எழுதி பாக்கெட்டில் வைத்து ஊக்குக் குத்துங்க. அந்த ஊர் சிம் எண்ணை எழுதுங்க. சந்திக்கும் இடமாக எந்தக் கடையையும் சொல்லாதீங்க. ஒரே மாதிரி நூறு பலூன் கடை. கட்டடம் ஏதாவது சொல்லுங்க. காணோம்னா நின்ற இடத்திலேயே நிற்கணும், தேடி நடக்கக்கூடாதுன்னு 9 வயதுக்காரிக்குப் பழக்குங்க. போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு ஞாயிறு ஒத்திகை பார்க்கலாம். போலீசுக்கு அங்கே 999.

தருமபுரி:
தள்ளுவண்டி வீட்டிலேயே இருக்கட்டும். மாரில் கட்டும் பை 4 வயதுக்காரனைத் தாங்குமா?

பாலக்கோடு:
பை மேல் எடை அளவு எழுதியிருக்கும், பாருங்க. பல பைகளுக்கு 15 கிலோ, சிலதுக்கு 20. தாண்டினால் பை வேண்டாம், மாமா, சித்தப்பான்னு மாற்றி மாற்றித் தூக்க ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க.