மில்வாக்கியில் பாப்ஸ்ட் குடும்பத்தின் தடங்கள்: நேரில் கண்டவர்கள் எழுதியவை

2016-ஆம் ஆண்டு அலுவல் நிமித்தம் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகருக்குச் சென்றிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்ஸ்ட் மாளிகையைப் பார்க்கப் போனேன். பீர் விற்ற பணத்தில் 1892-இல் கட்டி முடித்த வீடு என்பதால் பகட்டை எதிர்பார்த்தே சென்றேன். பகட்டுக்குக் குறைவில்லை, ஆனால் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது, மாளிகையை ஒட்டி நின்ற சிறிய சுடுமண் மண்டபம்தான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் தங்கள் பீரைக் காட்சிக்கு வைக்க எழுப்பிய அந்த மண்டபத்தை, கண்காட்சி முடிந்ததும் பிரித்துக் கொண்டுவந்து வீட்டோடு சேர்த்திருக்கிறார்கள். 1908-இல் வீடு கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் கைக்கு மாறியபின், பேராயர்களுக்கு அதுவே ஜெபக்கூடம் ஆனது. பீருக்காக எழுந்த கூரையின் கீழ் திருப்பலி நடந்ததை நினைத்துப் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை. 1970-களில் வண்டி நிறுத்துமிடத்துக்காக இடிபடவிருந்த மாளிகை, உள்ளூர் ஆர்வலர்களின் முயற்சியால் தப்பி, 1978-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வழிகாட்டி சொன்ன குடும்பக் கதையும் சுவையானது. ஜெர்மனியிலிருந்து வந்த ஜேக்கப் பெஸ்ட் 1844-இல் தம் மகன்களுடன் தொடங்கியது அந்த பீர் ஆலை. பாப்ஸ்ட் என்ற பெயர் மருமகன் வழியாக வந்தது. பிரெடரிக் பாப்ஸ்ட் 1848-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். அடுத்த ஆண்டே தாயைக் காலராவுக்குப் பறிகொடுத்து, உணவு பரிமாறும் வேலை பார்த்து, மிச்சிகன் ஏரிக் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து கேப்டன் ஆனார். 1862-இல் ஜேக்கப்பின் பேத்தி மரியாவை மணந்தார். மறு ஆண்டு புயலில் அவருடைய கப்பல் வைட்ஃபிஷ் பே கரையில் தரைதட்டியது. 1864-இல் மாமனாரின் ஆலையில் பங்கு வாங்கிக் கரையிலேயே தங்கிவிட்டார். 1889-இல் நிறுவனத்தின் பெயரே பாப்ஸ்ட் என்று மாறியது. நம் ஊரில் மாமனார் கடையில் உட்காரும் மாப்பிள்ளையைக் கேலி பேசுவோமே, இவர் மாமனாரின் பெயர்ப் பலகையையே மாற்றிவிட்டார்.

*

மேலே எழுதிய நண்பர் மாளிகையைச் சொன்னார். நான் ஆலைக்குள்ளேயே இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறேன். 1996-இல் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்த வளாகத்தில், பீர் காய்ச்சிய கட்டடம் 2013 முதல் விடுதியாக இயங்குகிறது. கரும்பாலைக் கொப்பரையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அங்கே நடுக்கூடத்தில் நிற்கும் செம்புக் கொப்பரைகளுக்கு முன் வாய்பிளந்து நின்றேன். ஒவ்வொன்றும் ஒரு சிறு அறையளவு இருக்கும். சுவரெங்கும் வெளிர்மஞ்சள் செங்கல்; அவ்வூர்க் களிமண்ணைச் சுட்டால் வரும் நிறம் அது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 1893 கண்காட்சியில் வென்ற பரிசினால்தான் பாப்ஸ்ட் பீருக்கு 'நீல ரிப்பன்' (Blue Ribbon) என்ற பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். புட்டியின் கழுத்தில் நீலப் பட்டு ரிப்பனைக் கட்டும் வழக்கம் 1882-லேயே தொடங்கிவிட்டது.

*

நான் பார்த்தது பாப்ஸ்ட் தியேட்டரில் ஓர் இசை நிகழ்ச்சி. 1895 ஜனவரியில் அங்கிருந்த பழைய அரங்கம் எரிந்தபோது பாப்ஸ்ட் ஐரோப்பாவில் இருந்தார். உடனே திரும்பக் கட்டும்படி தந்தி அடித்தார். அதே ஆண்டு நவம்பரில் புதிய அரங்கம் திறந்தது. ஜெர்மன் நாடகங்கள் அங்கே மேடையேறின.

இதை வெறும் கொடை என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. மதுக்கடைகளைத் தாமே கட்டி, அவற்றில் தம் பீரை விற்க வைத்தவர் அவர். கப்பல் தரைதட்டிய அதே வைட்ஃபிஷ் பேயில் 1889-இல் உல்லாசப் பூங்கா ஒன்றையும் திறந்தார். அங்கேயும் ஓடியது அவர் பீர்தான். ஊர் பொழுதுபோக்கும் இடமெல்லாம் அவருக்குச் சந்தையாகவும் இருந்தது. அதற்காக அந்த அரங்கின் அழகு குறைந்துவிடாது. பளிங்குப் படிகளில் ஏறும்போது எனக்கும் பெருமிதம் தொற்றிக்கொண்டது. இடைவேளையில் பீருக்கு நின்ற வரிசை அந்தப் படிகள்வரை நீண்டிருந்தது.