மறு: கிரே வாட்டர் – ‘சாம்பல் நீர்’ வேண்டாம், ‘கழுநீர்’ என்போம்

அன்புடையீர்,

மட்டக்களப்பில் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது என் தொழில். குளித்து, உடுப்புத் தோய்த்து வரும், மலசலகூடத் தண்ணீர் கலக்காத நீரைத்தான் ஆங்கிலத்தில் கிரே வாட்டர் என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் பேசப்படும் தமிழ்ச் சொல்லை நான் படத்தில் எழுதியாக வேண்டும், மேசன் அதை வாசித்துக் குழாய் பதிக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

> ‘சாம்பல் நீர்’ ஏற்கெனவே சில கட்டுரைகளில் வந்துவிட்டது. அப்படியே விட்டுவிடலாமே.

விடக்கூடாது என்பது என் எண்ணம். தும்பும் சாம்பலும் போட்டுச் சட்டி பானை தேய்த்த ஊர் இது. சாம்பல் தண்ணி என்றால் அடுப்புச் சாம்பல் கரைந்த தண்ணி என்றுதான் இங்கே விளங்கும். ஆங்கிலத்தில் குளித்த நீரைச் சாம்பல், மலசலகூட நீரைக் கறுப்பு என்று நிறம் சொல்லிப் பிரித்தார்கள். அந்த நிறம் எங்கள் வீட்டு வாய்க்காலில் தெரிவதில்லை. குளித்த தண்ணீர் வெள்ளை நுரையோடுதான் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் என்ன வேலை செய்துவிட்டு வருகிறது என்று சொல்லும் பெயர்தான் நமக்கு வேண்டும்.

> எல்லாவற்றையும் ‘கழிவுநீர்’ என்று எழுதினால் என்ன குறை?

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். படத்தில் குளியலறைக் குழாய், மலசலகூடக் குழாய் இரண்டுக்கும் ‘கழிவுநீர்க் குழாய்’ என்று எழுதினால் மேசன் இரண்டையும் ஒரு ‘டீ’ போட்டு இணைத்துக் குழிக்குள் விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கழிவு என்று எழுதியதைக் கழித்துவிட்டார். நிலத்தைச் சீமேந்து போட்டு மூடிய பிறகு அதைப் பிரிப்பது பெரும்பாடு. வீட்டிலிருந்து வெளியே போகும் நீரில் பாதிக்கு மேல் குளித்ததும் உடுப்புத் தோய்த்ததும்தான். அவ்வளவும் மலக்குழிக்குள் போய், குழியை வேளைக்கு நிரப்பி, அழுக்கை மணலுக்குள் இன்னும் தூரம் தள்ளிவிடுகிறது.

எங்கள் நிலத்தின் தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். கல்லடியிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோரம் முழுக்க மணல். மாரியில் பெய்த மழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழே ஏறக்குறைய 40 அடியை இழக்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தபோது, கீழே கிடந்த உவர் மேலே ஏறிய கதையும் இந்தக் கரைக்குத் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், கிணற்றுத் தண்ணீரில் ஒரு முறை குளித்துவிட்டு, வாழைக்கு என்று அதே கிணற்றில் மறுபடி இறைப்பது எனக்கு மனம் பொறுக்காத காரியம்.

ஆகவே என் முன்மொழிவு: ‘கழுநீர்’.

இது நான் புதிதாகக் கட்டிய சொல் அல்ல. அரிசி கழுவின தண்ணீருக்குத் தமிழில் நெடுங்காலமாக இருக்கும் பெயர். தமிழ்நாட்டில் மாட்டுக்கு வைக்கும் ‘கழனித் தண்ணி’யும் இதன் திரிபுதான். ஒரு வேலை முடித்து அடுத்த வேலைக்குப் போகும் தண்ணீர் என்ற கருத்து அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை அரிசியிலிருந்து உடம்புக்கும் உடுப்புக்கும் கொஞ்சம் விரிக்கிறோம், அவ்வளவே. கழுவப் போகும் நீர் என்றும் பொருள்படாதா என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். வினைத்தொகையில் மூன்று காலமும் அடங்கும் என்பது உண்மை. ஆனாலும் ஊறுகாய் என்றால் இனி ஊறப்போகும் காய் என்று ஒருவரும் எடுப்பதில்லை. வழக்கு பொருளை நிறுத்திவிடும். செங்கழுநீர்ப் பூவோடு குழம்பும் என்ற அச்சமும் எனக்கு இல்லை. வீட்டுப் படத்தில் பூவைத் தேடுவார் இல்லை.

> ‘கழுநீர்’, ‘கழிவுநீர்’ – காதுக்கு ஒன்றுபோலவே விழுகிறது. சுருக்கி ‘க.நீ.’ என்று எழுதினால் எது எது?

கல்முனைத் தம்பி எழுப்பிய இந்தக் கேள்விதான் இதுவரை வந்ததில் கனமானது. ‘கழிவுநீர்’ என்ற சொல்லைப் படத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் பதில். கழிவுநீர் இரண்டுக்கும் பொதுப் பெயராக அறிக்கைகளில் இருக்கட்டும். குழாயில் எழுதும்போது ஒன்று கழுநீர், மற்றது மலநீர். மலசலகூடம் என்று நாளும் சொல்கிற நமக்கு மலநீர் உடனே விளங்கும். சுருக்கம் ‘கழு.’, ‘மல.’ எழுத்தும் வேறு, ஓசையும் வேறு.

இன்னொரு காரணம் எனக்கு மிக முக்கியம். நம் மாவட்டங்களில் பள்ளிவாசல்கள் நிறைய. வுழூ, அதாவது தொழுகைக்கு முன் உடல் சுத்தம், செய்த தண்ணீர் கையும் முகமும் காலும் கழுவி வருவது, சவர்க்காரம்கூடச் சேராதது. நாள்தோறும் ஐந்து வேளை வெளியேறும் அந்தத் தண்ணீருக்குக் ‘கழிவு’ என்று பெயரெழுத என் கை போகாது. கழுநீர் என்று எழுதித் தென்னைக்கு வழி காட்டினால் நிர்வாகசபையோடு பேசவும் எளிது. கோயில் கிணற்றடிக்கும் அதே பெயர் பொருந்தும்.

குசினித் தண்ணீரை, அதாவது சமையலறைத் தண்ணீரைப் பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். அதில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேர்வதால் சில நாடுகளில் இதை மலநீரோடு சேர்த்துவிடுகிறார்கள். நான் ‘குசினிக் கழுநீர்’ என்று தனியாகக் குறித்து, எண்ணெய் தேக்கி ஒன்றைத் தாண்டி வரச் செய்வேன். ‘கொழுப்புப் பொறி’ என்ற சொல் வேண்டாம், அது எலிப்பொறியை நினைவூட்டுகிறது.

கழுநீரைத் தாங்கியில் சேர்த்து வைக்கலாமா என்றால், கூடாது. ஒரு நாள் தாண்டினால் நாறும். வந்த கையோடு மண்ணுக்குப் போக வேண்டும். வாழையைச் சுற்றிக் குழி எடுத்து, பொச்சுமட்டை (தேங்காய் உரித்த மட்டை) நிரப்பி, குழாயை அதற்குள் விடுவது நம் ஊருக்குத் தோதானது. பச்சையாகத் தின்னும் கீரைக்கு விடக்கூடாது. கிணற்றிலிருந்து தள்ளியே குழி எடுக்க வேண்டும். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் இதற்கு இடம் தேடுவதே பெரிய பாடு. அங்கே ஒரு வாழைக்கு இடம் கிடைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் குழிக்கு நான் ‘கழுநீர்ப் பாத்தி’ என்று எழுதுகிறேன்.

> சொல்லை முடிவுசெய்ய நாம் யார்? திணைக்களம் செய்யட்டும்.

திணைக்களம் செய்யட்டும், நன்று. ஆனால் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சொல் ஆக்குவது இந்த மண்ணுக்குப் பழக்கமான வேலை. திணைக்களம் தொகுக்கும் நாளில் நாங்கள் பாவித்துப் பழகிய சொல் கையில் இருந்தால் அவர்களுக்கும் உதவி.

ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் மணலில் நீர்மட்டம் மேலே வந்துவிடும், பாத்தி தண்ணீரை ஏற்காது. அப்போது கழுநீரை வேறு வழிக்குத் திருப்ப மூன்று வாய் உள்ள வால்வு ஒன்று பூட்டுகிறோம். ‘திசைமாற்றி’ என்று எழுதிப் பார்த்தேன்; வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் திருப்புவதென்று அது சொல்லவில்லை. ‘மாரி வழி’, ‘கோடை வழி’ என்று இரு வாய்க்கும் பெயர் வைத்து, வால்வை ‘வழிமாற்றி’ என்று சொல்லலாமா? அம்பாறைப் பக்கம் வயல் வாய்க்காலில் தண்ணீர் திருப்பும் பலகைக்கு உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வேன்.