ஸ்டான்ஃபோர்ட் டெய்லி: பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்படாத மாணவர் நாளிதழ் எப்படி இயங்குகிறது?

நடுப்பக்கம்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை இவ்வாண்டு முதுகலைப் படிப்புக்காக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறாள். கல்லூரி ஆண்டு மலரில் எழுதிப் பழகியவள் என்பதால், அங்குள்ள 'ஸ்டான்ஃபோர்ட் டெய்லி' என்ற மாணவர் நாளிதழில் சேர மிகவும் ஆசைப்படுகிறாள். அந்த இதழ் வெளியிட்ட செய்திகளைத் தொடர்ந்து 2023-இல் பல்கலைக்கழகத் தலைவரே பதவி விலக நேர்ந்தது என்று படித்தபோது, எனக்கு வியப்பைவிடக் கவலைதான் மிகுந்தது. நான் படித்த கல்லூரியில் விடுதி உணவைப் பற்றிய ஒரு பக்கக் கட்டுரையைக்கூட முதல்வரின் கையொப்பம் இல்லாமல் அச்சுக்கு அனுப்ப முடியாது. அப்படியிருக்க, வளாகத்துக்குள்ளேயே அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இதழ், அந்த நிறுவனத்தின் தலைவரைப் பற்றி மாதக்கணக்கில் எழுதியும் எப்படித் தொடர்ந்து வெளிவர முடிந்தது? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாணவர் விசாவில் இருப்பவர் அதில் எழுதுவது பாதுகாப்பானதா? விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மருதம்:

உங்கள் முதல் கேள்விக்கு விடை 1973-இல் இருக்கிறது. 1892-இல் 'டெய்லி பாலோ ஆல்டோ' என்ற பெயரில் தொடங்கி, 1926-இல் இன்றைய பெயருக்கு மாறிய அவ்விதழ், 1973-இல் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, இலாப நோக்கமற்ற தனி நிறுவனமாக இயங்கத் தொடங்கியது. அது முதல் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. அச்சுக்குப் போகுமுன் எந்தப் பக்கத்தையும் எந்த அதிகாரியிடமும் காட்ட வேண்டியதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: அவதூறு வழக்கு வந்தால் அதை இதழே எதிர்கொள்ள வேண்டும், பற்றாக்குறை வந்தால் அதையும் இதழே ஈடுகட்ட வேண்டும்.

இந்தத் தனி நிறுவன அமைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஸ்டான்ஃபோர்ட் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பேச்சு, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் நிர்வாகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. கலிபோர்னியாவில் 1992-இல் வந்த லியோனார்ட் சட்டம், வெளியே பேசினால் குற்றமாகாத ஒன்றை வளாகத்துக்குள் பேசியதற்காகத் தனியார் கல்லூரிகள் மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்று விதித்து, அந்த இடைவெளியைப் பெருமளவு அடைத்தது. ஆனால் எல்லா மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரமும் முன்னாள் மாணவர்களின் நன்கொடையும் முக்கியமானவை. 2009-இல் திறக்கப்பட்ட அதன் கட்டடம், ஒரு காலத்தில் அதே இதழின் ஆசிரியராக இருந்து, பின்னாளில் 'பிசினஸ் வயர்' நிறுவனத்தைத் தொடங்கிய லாரி லோக்கியின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய நன்கொடையில் எழுந்தது அது. கட்டடம் நிற்பது பல்கலைக்கழக நிலத்தில்தான் என்பதால் முழு விலகல் என்று இதைச் சொல்ல முடியாது. ஃபுளோரிடா பல்கலைக்கழக மாணவர்களின் 'அலிகேட்டர்' இதழ் இந்த வகையில் ஒரு படி மேலே போனது. கருக்கலைப்புக்கு உதவும் அமைப்புகளின் பட்டியலைச் சட்டத் தடையையும் மீறி 1971-இல் வெளியிட்டதால் நிர்வாகத்தோடு மோதல் முற்றியது. 1973-இல் அது வளாகத்தை விட்டே வெளியேறித் தனி இதழானது.

கீழைக்காற்று:

மருதம் அவர்கள் 1973-லிருந்து தொடங்கிவிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்ததையும் உங்கள் தங்கை தெரிந்துகொண்டு போவது நல்லது.

1971 ஏப்ரல் 9 அன்று, ஸ்டான்ஃபோர்ட் மருத்துவமனையின் நிர்வாக அலுவலகங்களை ஆக்கிரமித்திருந்த போராட்டக்காரர்களை வெளியேற்றக் காவல்துறை உள்ளே நுழைந்தது. அந்தக் கைகலப்பில் காவலர்கள் 9 பேர் காயமடைந்தனர். இரண்டு நாள் கழித்து டெய்லி சிறப்பிதழ் ஒன்றில் அந்த மோதலின் படங்களை வெளியிட்டது. தாக்கியவர்களை அடையாளம் காட்டும் வேறு படங்களும் இருக்கக்கூடும் என்று கருதிய காவலர்கள், மறுநாளே நீதிமன்ற ஆணையுடன் இதழின் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். இதழ்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாதபோதும், படம் கழுவும் இருட்டறை, கோப்பு அலமாரிகள், மேசைகள் ஆகியவற்றைத் துழாவினார்கள். குப்பைக் கூடைகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. இறுதியில் கிடைத்தவை ஏற்கெனவே அச்சில் வந்த படங்கள் மட்டுமே. எதையும் எடுத்துச் செல்லவில்லை.

மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கீழமை நீதிமன்றங்களில் வென்ற அவர்கள், 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார்கள். ஆயினும் அந்தத் தீர்ப்பு நாடெங்கும் செய்தித்தாள்களிடையே கிளப்பிய அச்சத்தின் விளைவாக, 1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. சில விதிவிலக்குகள் தவிர, ஆவணம் வேண்டுமென்றால் அழைப்பாணை அனுப்பிக் கேட்க வேண்டுமே ஒழிய, செய்தி அறைக்குள் புகுந்து சோதனையிடக் கூடாது என்பதே அச்சட்டத்தின் சாரம். வழக்கில் தோற்ற ஒரு மாணவர் இதழால், அந்நாட்டின் எல்லாச் செய்தியாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

தாழ்வாரம்:

தலைவர் பதவி விலகிய செய்தியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். 2022 நவம்பரில் முதலாமாண்டு மாணவரான தியோ பேக்கர், நரம்பியல் அறிஞரும் பல்கலைக்கழகத் தலைவருமான மார்க் டெசியே-லவீன் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டதாக எழுந்த ஐயங்களைச் செய்தியாக்கினார். அறங்காவலர்கள் விசாரணைக் குழு அமைத்தார்கள். அக்குழுவில் இருந்த ஒருவரின் முதலீட்டு நிறுவனம், தலைவர் இணைந்து நிறுவிய மருந்து நிறுவனத்தில் 1.8 கோடி டாலர் முதலீடு வைத்திருந்ததை டெய்லி வெளிக்கொணர்ந்த பிறகு, அவர் குழுவிலிருந்து விலகினார். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஓர் இதழில் அந்தச் செய்தி வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

2023 ஜூலையில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, டெசியே-லவீன் தம் கையால் எதையும் திரிக்கவில்லை என்றும், ஆனால் அவருடைய ஆய்வகங்களில் பிறர் தரவுகளைத் திருத்தியிருந்ததையும், பிழைகள் தெரிந்த பிறகும் அவற்றை உரிய முறையில் சரிசெய்ய அவர் தவறியதையும் சுட்டிக்காட்டியது. அவர் பதவி விலகினார். மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாகவும் அறிவித்தார். அதே அறிக்கை, 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் மோசடி நடந்து மறைக்கப்பட்டதாக டெய்லி வெளியிட்ட குற்றச்சாட்டு தவறானதாகத் தோன்றுகிறது என்றும் கூறியது. பேக்கருக்கு இதழியலுக்கான ஜார்ஜ் போல்க் விருது கிடைத்ததைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டிப் படித்து ஒப்புதல் தர ஒருவரும் இல்லாத இதழில், ஆதாரங்களை மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் இருபது வயது இளைஞர்களின் தோளில் விழுகிறது. உங்கள் தங்கை அங்கே கற்கப் போகும் முதல் பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நடுப்பக்கம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விசா பற்றி யாராவது கூற முடியுமா? வீட்டில் அப்பா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மருதம்:

அப்பாவின் கவலை நியாயமானது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர் இதழில் 2024 மார்ச்சில் வந்த ஒரு கருத்துக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவரான துருக்கி நாட்டு ஆய்வு மாணவி ரூமைசா ஓஸ்டுர்க், ஓராண்டு கழித்து, 2025 மார்ச் 25 அன்று விசா ரத்து செய்யப்பட்ட நிலையில், தெருவில் வைத்துக் குடிவரவு அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு லூசியானா மாநிலத்தில் அடைக்கப்பட்டார். மே 9 அன்றுதான் நீதிபதியின் ஆணையால் வெளியே வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் டெய்லியே அமெரிக்க அரசின்மீது வழக்குத் தொடுத்தது. விசாவில் உள்ள தன் எழுத்தாளர்கள் அச்சத்தால் எழுத மறுக்கிறார்கள், பழைய கட்டுரைகளிலிருந்து பெயரை நீக்கச் சொல்கிறார்கள் என்று அதன் மனுவிலேயே கூறியிருந்தது.

களத்துக்குச் செல்வதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூனில் ஸ்டான்ஃபோர்ட் தலைவரின் அலுவலகத்தைப் போராட்டக்காரர்கள் ஆக்கிரமித்தபோது செய்தி சேகரிக்க உள்ளே சென்ற டெய்லி நிருபரும் கைதானார். 2025-இல்தான் அவர்மீது வழக்கில்லை என்று முடிவானது.

என் கருத்து: சேரட்டும், ஆனால் முதல் ஆண்டில் அறிவியல், விளையாட்டு, பண்பாடு போன்ற பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கட்டும், பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்த்தல், தரவு வரைபடம் ஆகியவற்றுக்கும் அங்கே ஆள் தேவை. சேருமுன் ஆசிரியரிடம் மூன்றைக் கேட்டுத் தெளியட்டும்: பெயரில்லாமல் எழுத எப்போது இசைவார்கள், வெளியான கட்டுரையிலிருந்து பெயரை நீக்கும் கோரிக்கையை எப்படி நடத்துகிறார்கள், சிக்கல் வந்தால் எந்த வழக்கறிஞரை அழைப்பார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலக எண்ணையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.