நோயாளியிடம் பேசுவதை வகுப்பில் சொல்லித்தர முடியுமா?

ஹவுஸ்சர்ஜன்:
எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் 2019 முதல் ‘ஏட்காம்’ இருக்கிறது. மனப்பாங்கு, அறநெறி, பேசும் முறை மூன்றையும் சேர்த்த பாடம். எங்களுக்கு அது பெரிய ஹாலில் ஸ்லைடு ஓட்டி, அட்டெண்டன்ஸ் எடுப்பதோடு முடிந்துபோனது. நான் பேசக் கற்றது வார்டில், சீனியர்களைப் பார்த்துத்தான். அந்த நேரத்தை வார்டுக்கே கொடுத்துவிடலாம்.

வைகைக்கரை:
சீனியரைப் பார்த்துக் கற்றால் அவருடைய தவறும் சேர்ந்தே வரும், தம்பி. 1984இல் வெளியான பெக்மன், ஃபிராங்கல் ஆய்வில் மருத்துவரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். அந்த மருத்துவர்களும் வார்டில் பழகி வந்தவர்கள்தானே? இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேன், ரவுண்ட்ஸில் இன்றும் இதையே பார்க்கிறேன்.

ஹவுஸ்சர்ஜன்:
குறுக்கிடுவது தப்புதான் மேடம். ஆனால் வரிசை ஓபி வாசலைத் தாண்டி நிற்கும்போது எப்படிச் சுருக்கமாகக் கேட்பது என்பதை எந்த ஸ்லைடும் சொல்வதில்லை. ரோல் பிளேயில் புற்றுநோயாளியாக நடிப்பது என் ரூம்மேட். அவனிடம் கெட்ட செய்தி சொல்லி நான் என்ன கற்றுக்கொள்வது?

தாலுகா ஓபி:
இரண்டு பேரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அப்பா டிஸ்சார்ஜ் ஆனபோது டாக்டர் மாத்திரைகளை விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்றார். அப்பாவும் தலையாட்டினார். பக்கத்திலிருந்த சிஸ்டர் மட்டும், “வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்கய்யா” என்று கேட்டார். சுகர் குறைஞ்ச அன்னிக்கு மெட்ஃபார்மினை நிறுத்திடுவேன் என்றார் அப்பா. அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது என் ஓபியிலும் இதையே கேட்கிறேன்.

ஹவுஸ்சர்ஜன்:
பாருங்கள், அதுவும் வார்டில் நடந்ததுதான்.

வைகைக்கரை:
அதற்கு ‘டீச் பேக்’ என்று பெயர், அரை மணி நேரத்தில் பழக்கிவிடலாம். ரூம்மேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963லேயே பயிற்சி பெற்றவர்களை நோயாளியாக நடிக்க வைத்தார். அப்படி ஆள் வைக்க நம் கல்லூரிகள் செலவு செய்வதில்லை, அதுதான் எனக்குக் கோபம். ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வில் இதற்கென்று ஒரு ஸ்டேஷன் வைத்து மார்க் கொடுத்தால் மாணவர்கள் தானாகப் பழகுவார்கள்.

ஹவுஸ்சர்ஜன்:
மார்க் வைத்தால் “உங்க கஷ்டம் புரியுது” என்று எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதற்குப் பதிலாக நான் ஓபியில் பேசும்போது நீங்களே பத்து நிமிடம் பின்னால் நின்று பாருங்கள். எங்கே அவசரப்பட்டேன் என்று அப்புறம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
நிற்கிறேன். அதைச் செய்யாமல் விட்டது எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். ஆனால் இதுவரை யாரிடமும் கெட்ட செய்தி சொல்லியிராத மாணவரை நேராகப் புற்றுநோய் வார்டுக்கு அனுப்பச் சம்மதிக்க மாட்டேன். முதலில் நடிப்பவரிடம் தடுமாறட்டும்.